ஜனவரியில் வேண்டாம், ஆகஸ்ட் வரை பொறுங்கள்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வசிக்கிறேன். தெற்கு பார்த்த சுவரில் கம்பி இழுத்து ஓர் ஆப்பிள் மரத்தை மூன்று அடுக்காகப் படர்த்தியிருக்கிறேன். ஜனவரியில் சிம்புகளையெல்லாம் ஒட்ட நறுக்கினேன். இப்போது ஜூலை, துடைப்பத்தை நட்டுவைத்தாற்போல் போத்துகள், அதாவது நெட்டையான புதுக்கிளைகள், நிற்கின்றன. பூத்தது ஏழெட்டுக் கொத்துதான். ஊரில் முருங்கையை வெட்டினால் காய்க்கிறதே? வரும் ஜனவரியில் இன்னும் ஒட்ட வெட்டலாமா?

ச.

அன்புள்ள ச.,

வேண்டவே வேண்டாம். முருங்கை புதுக்கிளையில் பூக்கும். ஆப்பிள் பெரும்பாலும் இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன கட்டைச் சிம்புகளில், அதாவது குட்டையான பக்கக்கிளைகளில்தான் பூக்கும். நீங்கள் வெட்டி எறிந்தது அடுத்த பூவை.

இலையுதிர்ந்த மரம் தன் உணவை வேரிலும் தண்டிலும் சேர்த்துவைத்திருக்கிறது. குளிர்காலத்தில் பாதி மொட்டுகளை நறுக்கினால், அவ்வளவும் மிஞ்சிய மொட்டுகளுக்குப் பாய்கிறது. துடைப்பம் அப்படி வந்ததுதான். கோடை முடிவில் வெட்டும்போது இலையும் சேர்ந்து போவதால் மரத்தின் வேகம் அடங்கும். அடிமொட்டுகளில் வெயில் பட்டு அவை பூமொட்டாகத் திரளும்.

ஆகஸ்ட் பிற்பாதியில், அடிப்பகுதி முற்றிய பிறகு, 20 செ.மீ.க்கு மேல் நீண்ட இந்த ஆண்டுப் போத்துகளைப் பாருங்கள். அடியில் நெருக்கமாக ஓர் இலைக்கொத்து இருக்கும். அதை எண்ணாமல், மேலே மூன்று இலை விட்டு வெட்டுங்கள். பழைய கட்டைச் சிம்பிலிருந்து கிளம்பியதென்றால் ஒரே இலை போதும். செப்டம்பரில் மறுபடி துளிர்த்தால் அதையும் நறுக்கிவிடுங்கள். மூன்று அடுக்கும் அமைந்துவிட்டதால் குளிர்காலக் கவாத்து உங்கள் மரத்துக்கு இப்போதைக்குத் தேவையில்லை. பேரிக்காய் வைத்திருந்தால் அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலையில்.

அடுத்த வசந்தத்திலேயே அள்ளிப் பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குளிர்காலத்தில் மொட்டுகளைத் தடவிப் பார்த்தால் மாற்றம் தெரியவரும்: இலைமொட்டு கிளையோடு தட்டையாக ஒட்டியிருக்கும், பூமொட்டு உருண்டு, சாம்பல் நிறப் பூமயிரோடு புடைத்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. பாரிஸை ஒட்டிய மோன்த்ரேயில் சுவரில் பீச் வளர்த்தவர்கள் கிளையைத் துணித்துண்டால் அணைத்துத்தான் ஆணி அடித்தார்கள். நான் நைலான் கயிற்றால் கட்டி, இரண்டு கோடை கவனிக்காமல் விட்டேன். கயிறு பட்டைக்குள் புதைந்து, அந்த இடத்திலேயே ஒரு காற்றில் கிளை ஒடிந்தது. ஏழு வருடம் வளர்த்த கிளை. கத்தரிக்கோலை எடுக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கட்டுகளை இன்றே தொட்டுப் பாருங்கள். கட்டுக்கும் பட்டைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும்.