வேளாங்கண்ணி நடை, கடிதம்

அன்புள்ள ஐயா,

இந்த ஆண்டு கொடியேற்றத்துக்குத் திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தேன். மனைவியின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும் முடிவு செய்த பயணம். நடந்தால் மனம் அடங்கும், ஓர் ஆன்மிக அனுபவம் கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது கொப்புளமும் ஒலிபெருக்கி இரைச்சலும்தான். கோயிலுக்குள் நின்றபோது ஒன்றும் தோன்றவில்லை, தூக்கம்தான் வந்தது. காவி கட்டி நடப்பது நம் மரபுதானா என்றும் சந்தேகம். ஸ்பெயினில் புனித சந்தியாகு கோயிலுக்கு நடந்துபோகும் யாத்திரை போய் வந்த நண்பர் அங்கே கிடைத்த அனுபவத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறார். குறை என் விசுவாசத்திலா, போன இடத்திலா?

ஆ., திருச்சி

அன்புள்ள ஆ.,

ஒலிபெருக்கிப் புகாரை நான் காதில் வாங்கப்போவதில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 மாதா பிறந்தநாளுக்கும் நடுவில் அங்கே போய் அமைதி தேடுகிறவர், கல்யாணப் பந்தியில் கண்ணை மூடித் தியானம் செய்கிறவர். காவி யாருடையது என்ற விவாதமும் வேண்டாம். நடக்கிறவனுக்கு அது அழுக்குத் தெரியாத நிறம், அவ்வளவுதான். சந்தியாகுவுக்கும் தாராளமாகப் போய் வாருங்கள். கடைசி 100 கிலோமீட்டராவது நடந்திருந்தால் சான்றிதழ் தருவார்கள். கொப்புளம் அங்கேயும் உண்டு.

என்னை எழுத வைத்தது வேறு. உங்கள் கடிதத்தில் மனைவிக்கு ஒரு வரி, மற்றதெல்லாம் அனுபவத்துக்கு. அந்த அம்மா பிழைத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்கள். கோபம்தான் வருகிறது. நம் பாட்டிகள் அனுபவத்துக்கா போனார்கள்? பொருத்தனை தீர்க்கப் போனார்கள். பொருத்தனை என்றால் கடன். வாங்கியாயிற்று, அடைக்க வேண்டும். மளிகைக் கடைப் பாக்கியை அடைத்துவிட்டுத் திரும்பும்போது யாருக்காவது புல்லரிக்குமா?

வேளாங்கண்ணிக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதா அங்கே கேட்கிறவளாக வருகிறாள். குளத்தங்கரையில் பால் கொண்டுபோகும் பையனிடம் குழந்தைக்குப் பால் கேட்டாள். நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான பையனிடம் மோர் கேட்டாள். இரண்டு பேருமே கையில் மிச்சமிருந்து கொடுக்கவில்லை. ஒருவன் முதலாளிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், மற்றவனுக்கு அதுதான் பிழைப்பு. கொடுத்தார்கள். அப்புறம்தான் புதுமை, அந்த அற்புதம். புயலில் மாட்டிய போர்த்துக்கீசிய மாலுமிகள், கரை சேர்ந்தால் கோயில் கட்டுகிறோம் என்று நேர்ந்துகொண்டு, ஒரு செப்டம்பர் 8 அன்று கரை சேர்ந்து, கட்டியும் கொடுத்தார்கள். மறுமுறை வந்தபோது பீங்கான் தட்டுகள் கொண்டுவந்தார்கள். பீடத்தில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். 1962-ல் திருத்தந்தை 23-ஆம் யோவான் பசிலிக்கா என்ற பேராலயமாக உயர்த்தியதெல்லாம் பிறகு வந்த மரியாதை. அந்த மாலுமிகளுக்கு என்ன அனுபவம் கிடைத்தது என்று கதையில் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல். பிள்ளை பிழைத்தால் தஞ்சாவூரிலிருந்து நடந்து வந்து முட்டி போடுகிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். தீர்க்கப் பதினான்கு வருடம் ஆயிற்று. அக்கா கல்யாணம், அப்பாவுக்கு வேலை போனது என்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஏதாவது வந்து நிற்கும். காலண்டரில் செப்டம்பர் 8 தாளைக் கிழிக்காமல் இரண்டு நாள் விட்டுவைப்பாள். 1994-ல் ஒருவழியாகக் கிளம்பினாள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. நான் அப்போது கல்லூரி நாத்திகன்.

பகலில் தார் சுடும், அதனால் ராத்திரி நடை. நீடாமங்கலம் தாண்டி ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் எட்டணா அகலத்துக்குக் கொப்புளம். மெழுகுவர்த்தியில் ஊசியைக் காட்டி, நூலோடு உள்ளே விட்டு மறுபக்கம் இழுத்து, நூலை அப்படியே விட்டு நறுக்கினாள். நூல் வழியாக நீர் சொட்டியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செபமாலையின் துக்க தேவ ரகசியத்தில் மூணாவதா நாலாவதா சொல்லிக்கொண்டிருந்தோம் என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"அப்ப மூணுலேருந்தே ஆரம்பி. குறையக் கூடாது."

கோயிலிலிருந்து மாதா குளம் வரைக்கும் மணலில் முட்டி போட்டே போனாள். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். முடிந்ததும் அழுவாள் என்று காத்திருந்தேன். நானும் உங்கள் ஆள்தான். அவள் முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "மீன் சாப்பிடலாமாடா?" என்றாள். ஒரு மாதமாகக் கவுச்சி தொடவில்லை. கடற்கரைக் கடையில் வறுத்த மீன் இரண்டு துண்டு, முள்ளில் ஒரு பொட்டு சதை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்தவள், தஞ்சாவூர் வரைக்கும் வாயைத் திறந்தபடி தூங்கினாள்.

உங்கள் மனைவிக்கு இப்போது எப்படி இருக்கிறது? அதை எழுதவே இல்லையே நீங்கள்.