அட்டையில் 130, கையில் 12: பென் டிரைவ் வேகத்தை எதை வைத்து நம்புவது?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோவையும் போட்டோக்களையும் 64 ஜிபி பென் டிரைவில் ஏற்றித்தான் இப்போது பார்ட்டிகளுக்குக் கொடுக்கிறோம். போன மாதம் இரண்டு ரகத்தில் பத்துப் பத்து வாங்கினேன். இரண்டிலும் யூஎஸ்பி 3.2 என்று போட்டிருக்கிறது. விலை குறைந்ததன் அட்டையில் வினாடிக்கு 130 எம்பி என்று வேறு இருக்கிறது. ஆனால் அதில் 50 ஜிபி ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கியதில் அதே 50 ஜிபி, அதே போர்ட்டில், கால் மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. அட்டையில் இருப்பது பொய்யா? முகூர்த்த மாதங்களில் நாற்பது தேவைப்படும். எதை வாங்கினால் லாபம்?

பதில்: உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. ஒரே போர்ட்டில் ஒன்று ஓடுகிறது, மற்றது ஊர்கிறது என்றால் வித்தியாசம் பென் டிரைவுக்குள்தான் இருக்கிறது. அட்டையில் இருப்பதும் பொய் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

அந்த அட்டையை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். 130-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘வரை’ என்று இருக்கும். பின்பக்கம் திருப்பினால், அது படிக்கும் வேகம், எழுதும் வேகம் அதைவிடக் குறைவு என்று இன்னும் பொடியாகப் போட்டிருப்பார்கள். எவ்வளவு குறைவு என்று பெரும்பாலும் சொல்வதில்லை. பென் டிரைவிலிருந்து எடுப்பது படித்தல், பென் டிரைவில் ஏற்றுவது எழுதுதல். நீங்கள் நாள் முழுக்கச் செய்வது ஏற்றும் வேலை. 50 ஜிபி எழுபது நிமிடத்தில் ஏறினால் வினாடிக்கு 12 எம்பிதான் கணக்கு வருகிறது. அந்த எண் அட்டையில் எங்கேயும் இருக்காது.

எழுதுவது ஏன் இவ்வளவு மெதுவாகிறது? உள்ளே இருக்கும் ஃப்ளாஷ் சிப்பில் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்னேற்றம் இருக்கிறது என்பதுதான் தகவல். இருப்பதை அளந்து பார்ப்பது சுலபம், அதுதான் படித்தல். எழுதும்போது சரியான அளவு மின்னேற்றத்தை உள்ளே தள்ளி, சரியாக நின்றதா என்று பார்த்து, போதாவிட்டால் மறுபடி தள்ள வேண்டும். விலையைக் குறைப்பதற்காக ஒரே அறையில் மூன்று பிட், நான்கு பிட் என்று அடைக்கிறார்கள் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தகவல்). மூன்று பிட் என்றால் எட்டு அளவுகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும், நான்கு பிட் என்றால் பதினாறில் ஒன்று. அளவு நுணுக்கமாக ஆக ஆக எழுதும் நேரமும் கூடுகிறது.

இதை மறைக்கப் பல டிரைவ்களில் ஒரு ஏற்பாடு உண்டு. சிப்பின் ஒரு பகுதியை, அறைக்கு ஒரு பிட் என்ற வேகமான முறையில் முதலில் நிரப்பிக்கொள்வார்கள். காப்பி போடும்போது வரும் ஜன்னலில் ‘கூடுதல் விவரம்’ அமுக்கி அந்தப் பச்சை கிராஃபைப் பாருங்கள். முதலில் உயரமாக ஓடும். திடீரென்று படி இறங்குவது போல் கீழே விழுந்து, அப்புறம் கடைசி வரை தரையோடு ஊரும். அந்த இறக்கம் வந்த இடத்தில் வேகமான பகுதி தீர்ந்துவிட்டது. கடையில் 1 ஜிபி கோப்பை ஏற்றிக் காட்டி “பாருங்க சார், என்ன வேகம்!” என்றால் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். உங்கள் வேலை 50 ஜிபி வேலை. படி இறங்கிய பிறகு வரும் வேகம்தான் உங்களுடைய வேகம்.

யூஎஸ்பி 3.2 என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் ஏமாறுவது இங்கேதான். 2008-இல் யூஎஸ்பி 3.0 வந்தது, வேகம் வினாடிக்கு 5 கிகாபிட். அதே 5 கிகாபிட்டுக்குப் பிறகு 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றினார்கள், அதற்கும் பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். பெயர்தான் வளர்ந்தது, வேகம் அங்கேயே நிற்கிறது. அதுவும் சாலையின் வேகம், வண்டியின் வேகம் அல்ல. நால்வழிச் சாலையில் விட்டாலும் மாட்டு வண்டி மாட்டு வண்டி வேகத்தில்தான் போகும். உங்கள் 12 எம்பிக்கு பழைய யூஎஸ்பி 2.0 சாலையே தாராளம். அதன் வேகம் வினாடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்தால் 60 எம்பி, நடைமுறையில் 30 முதல் 40 வரை கிடைக்கும்.

உங்கள் டிரைவ் நிஜமாகவே 3.0 வகைதானா என்பதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். சாதாரண அகலமான முனை என்றால் வெளிச்சத்தில் பிடித்து வாய்க்குள் பாருங்கள். முன்னால் நான்கு தங்க நிறப் பட்டைகள் எல்லா டிரைவிலும் இருக்கும். அவற்றுக்குப் பின்னால், உள்ளே தள்ளி, இன்னும் ஐந்து சின்னத் தொடுமுனைகள் இருந்தால்தான் அது 3.0 குடும்பம். செருகும்போது மெதுவாகத் தயங்கித் தயங்கிச் செருகினால் முன்னால் இருக்கும் நான்கு மட்டும் முதலில் தொட்டு, கம்ப்யூட்டர் அதை 2.0 என்றே எடுத்துக்கொள்வதும் உண்டு. நல்ல டிரைவ் ஒரு நாள் திடீரென்று 35 எம்பியில் நின்றுவிட்டால் பிடுங்கி, ஒரே மூச்சில் முழுதாகச் செருகிப் பாருங்கள்.

கேமராவில் போடும் எஸ்டி கார்டில் வி30 என்ற குறியைப் பார்த்திருப்பீர்கள். தொடர்ந்து எழுதினாலும் வினாடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்ற உறுதி அது. பென் டிரைவுக்கு அப்படி ஒரு குறி இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. அதனால் எழுதும் வேகத்தை எண்ணாகவே அச்சிடும் மாடல்களுக்கு நான் கூடுதல் மதிப்பு கொடுப்பேன். சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோவில் படிக்க 420, எழுத 380 வரை என்று இரண்டையும் சொல்கிறார்கள். கிங்ஸ்டன் டேட்டா டிராவலர் மேக்ஸில் படிக்க 1000, எழுத 900 வரை. இவை எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) குடும்பத்தைச் சேர்ந்தவை, விலையும் அதற்கேற்ப இருக்கும். பார்ட்டிக்குக் கொடுத்துவிடும் பொருளுக்கு இவை தேவையே இல்லை. ஒரே மாடலிலும் 32 ஜிபியைவிட 128 ஜிபி வேகமாக இருப்பது உண்டு, ஏனென்றால் உள்ளே அதிக சிப்புகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆகவே 128 ஜிபியின் எண்ணைப் படித்துவிட்டு 32 ஜிபி வாங்காதீர்கள்.

இப்போது லாபக் கணக்கு. ஒரு டிரைவுக்கு 55 நிமிடம் மிச்சம். நாற்பதுக்கு 2,200 நிமிடம், ஏறக்குறைய 37 மணி நேரம். அதற்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 8,000 ரூபாய். மணிக்கு 220 ரூபாய் கூட இல்லை. இப்படிப் பார்த்தால் வேகமானதை வாங்குவதுதான் சரி என்று தோன்றும்.

ஆனால் யார் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பார்ட்டி அதை வாங்கிப்போய் டிவியில் செருகி ஓடவிடப் போகிறார். வினாடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்த 4கே வீடியோவுக்குக்கூட வினாடிக்கு 12.5 எம்பி படித்தால் போதும். அவருக்கு இரண்டு டிரைவும் ஒன்றுதான். வேகம் உங்கள் மேஜைக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை தேவைப்படுகிறது. அதற்கு இன்னொரு வழி இருக்கிறது: ஒன்றன் பின் ஒன்றாக ஏற்றாமல் நான்கை ஒரே நேரத்தில் ஏற்றுங்கள். ஒவ்வொன்றும் 12 எம்பியில் ஊர்ந்தாலும் நான்கும் சேர்ந்தால் 48. எழுபது நிமிடத்தில் நான்கு தயார் என்றால் ஒன்றுக்குப் பதினேழரை நிமிடம்தான் ஆகிறது. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி 3.0 ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) ஒன்று போதும். மூலக் கோப்பு எஸ்எஸ்டியில் இருக்கட்டும். சுழலும் ஹார்டு டிஸ்கிலிருந்து நான்கு காப்பியை ஒரே நேரத்தில் ஓட்டினால் அதன் முள் இங்கும் அங்கும் அலைந்து எல்லாமே மெதுவாகிவிடும். இன்னொன்று, அந்த ஹப்பில் யூஎஸ்பி 2.0 டிரைவ்களைச் செருகினால் எல்லாம் சேர்ந்து ஒரே 480 மெகாபிட்டைத்தான் பங்கிட்டுக்கொள்ளும், ஹப் 3.0 ஆக இருந்தாலும் சரி.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், மறுநாளே வேண்டும் என்று நிற்கும் பார்ட்டிகளுக்காக வேகமானதில் பத்து வாங்கி வைப்பேன். மற்ற முப்பதும் விலை குறைந்தது, ஹப்பில் நான்கு நான்காக. மிச்சமாகும் 6,000 ரூபாயை உங்கள் சொந்த வேலைக்கான போர்ட்டபிள் எஸ்எஸ்டியில் போடுங்கள்.

ஒரு நிபந்தனை. புதிதாக ஒரு ரகம் வாங்கினால் முதலில் ஒன்றை மட்டும் வாங்கி முழுக்கச் சோதியுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3. டிரைவ் நிரம்பும் வரை எழுதி, எழுதியதை முழுக்கத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். கடைசியில் சராசரி எழுதும் வேகத்தையும் படிக்கும் வேகத்தையும் காட்டும். அட்டை சொல்லாத எண் அதுதான். 64 ஜிபி டிரைவ் விண்டோஸில் 59 சொச்சம் என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், எண்ணும் முறை வேறு, அவ்வளவுதான்.

இந்தச் சோதனையை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. என்னிடம் ஒருவர் 512 ஜிபி என்று எழுதிய டிரைவைக் கொண்டுவந்தார். மகளின் வளைகாப்பு, சீமந்தம் எல்லாம் அதில். திறந்தால் அத்தனை கோப்புகளும் பெயரோடும் அளவோடும் வரிசையாக நின்றன. முதல் சில வீடியோக்கள் ஓடின. அதற்குப் பிறகு எதை அமுக்கினாலும் கறுப்புத் திரை. உள்ளே நிஜமாக இருந்தது 16 ஜிபி. டிரைவை நடத்தும் கண்ட்ரோலர் சிப் 512 என்று பொய் சொல்லும்படி செய்திருந்தார்கள். இடம் தீர்ந்த பிறகு வந்ததெல்லாம் எங்கும் எழுதப்படவே இல்லை. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியவில்லை. மெமரி கார்டை அவர் ஏற்கனவே அழித்துவிட்டார்.

கடைசியாக ஃபார்மேட், அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை. எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. அதனால் எக்ஸ்ஃபேட் போடுங்கள். பார்ட்டியின் டிவி மிகப் பழையது என்று தெரிந்தால் மட்டும் எஃப்ஏடி32 போட்டு வீடியோவை 4 ஜிபிக்குள் துண்டாக்கிக் கொடுங்கள். காப்பி முடிந்ததும் ஈஜெக்ட் கொடுத்த பிறகே பிடுங்குங்கள். பென் டிரைவைக் கையில் கொடுக்கும்போது, “இதை மட்டும் நம்பி வைக்காதீங்க, வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் ஒரு காப்பி போட்டுக்குங்க” என்று சொல்லிக் கொடுங்கள். பீரோவில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த அறைகளில் இருக்கும் மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசிந்துவிடும்.