மைக்ரோ ஆர்என்ஏவை உருவாக்குவது டைசர் மட்டும்தானா? செல் அதை எப்படிக் கட்டுப்படுத்துகிறது?

பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. புரத உற்பத்தியைக் குறைக்கும் இந்தக் குட்டி ஆர்என்ஏவை உருவாக்குவது டைசர் என்ற வெட்டும் நொதி மட்டும் இல்லை; அதற்கு முன்பே நியூக்ளியஸில் டிரோஷா என்ற இன்னொரு நொதி வெட்டும். இதே இடத்தில் நான் மாட்டியிருக்கிறேன்.

புதுச்சேரியில் எம்.எஸ்சி. வைவா. "டைசர் எங்கே வெட்டும்?" என்றார் வெளியூர்த் தேர்வாளர். "நியூக்ளியஸில் சார்." "அப்போ டிரோஷாவுக்கு லீவா?" எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கென்று கடலூர் திரும்பும் பஸ்ஸை எல்லையில் நிறுத்தி, பாட்டில் இருக்கிறதா என்று என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது ரெக்கார்டு நோட்டும் டிபன் பாக்ஸும். பாட்டில் கடத்துகிறவனா அழுத முகத்தோடு வருவான்? சரி, அதை விடுங்கள்.

வீட்டில் அம்மா வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். முதுநகர் துறைமுகத்திலேயே தலையும் வாலும் போய்விடும். "துண்டு பெருசா போட்டுடுவாங்க" என்று மீதியை வீட்டு அருவாமனையில்தான் போடுவார். இரண்டு இடம், இரண்டு வெட்டு. அப்போதுதான் மண்டையில் ஏறியது.

நியூக்ளியஸில் படியெடுக்கப்படும் நீள ஆர்என்ஏ, தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி போல நிற்கும். டிரோஷா, கூட்டாளிப் புரதமான டிஜிசிஆர்8 துணையோடு, அதன் அடியில் வெட்டி, தொங்கும் வால்களை நீக்கும். மிஞ்சிய சுமார் 70 நியூக்ளியோடைடை (ஆர்என்ஏ சங்கிலியின் கண்ணிகள்) எக்ஸ்போர்ட்டின்-5 என்ற புரதம் நியூக்ளியஸுக்கு வெளியே கொண்டுவரும். சைட்டோபிளாசத்தில் டைசர் கொண்டையின் வளைவை நறுக்கும். கிடைக்கும் இரட்டை இழையில் ஒன்றை, சுமார் 22 நியூக்ளியோடைடு, ஆர்கோனாட் புரதம் பிடித்துக்கொள்ளும்; மற்றது பெரும்பாலும் அழிந்துவிடும். பிடித்த இழை பொருந்துகிற எம்ஆர்என்ஏவிலிருந்து (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ) புரதம் உருவாவது குறையும்.

மிர்ட்ரான் என்ற வகை மைக்ரோ ஆர்என்ஏவுக்கு டிரோஷாவே வேண்டாம், மிர்-451 என்ற மைக்ரோ ஆர்என்ஏவுக்கு டைசர் வேண்டாம். தெரியும். கமெண்டில் வந்து பாடம் எடுக்காதீர்கள், பொதுவான வழியைத்தான் சொன்னேன்.

கட்டுப்பாடு ஒவ்வொரு படியிலும் உண்டு. பி53 என்ற புரதம் மிர்-34 என்ற மைக்ரோ ஆர்என்ஏவை அதிகம் படியெடுக்க வைக்கும். லின்28 என்ற புரதம் லெட்-7 என்ற மைக்ரோ ஆர்என்ஏவின் முன்வடிவைப் பிடித்துக்கொண்டு டைசரிடம் விடாது. எனக்குப் பிடித்தது இது: டிஜிசிஆர்8இன் எம்ஆர்என்ஏவிலேயே ஒரு கொண்டை ஊசி இருக்கிறது. டிரோஷா கூட்டணி வலுத்தால் அதையும் வெட்டிவிடும். டிஜிசிஆர்8 வரத்து தானாகக் குறையும். கூட்டாளிக்கே கத்தி!

1993இல் ஒரு சின்னப் புழுவில் முதல் மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டறிந்த ஆம்ப்ரோஸுக்கும் ரவ்குனுக்கும் 2024இல் நோபல் அறிவித்தபோது அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "புழுவுலயா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, சங்கரா கழுவப் போய்விட்டார்.