டெப்பில் (டெப்லெட்டில்) கிடக்கும் படங்களை டெஸ்க்டொப்புக்கு எடுப்பது: கேள்வி பதில்

கேள்வி (ஆசிரியை, களுவாஞ்சிகுடி): சாம்சுங் டெப்ப வயரால கொம்பியூட்டரோட இணைச்சா சார்ஜ் மட்டுந்தான் ஏறுது, அண்ணன். கொம்பியூட்டர்ல ஒண்டுமே காட்டுதில்ல. விளையாட்டுப் போட்டிப் படமெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.

பதில்: டீச்சர், முதலில் டெப்பின் பூட்டைத் திறந்து வையுங்கள். பூட்டியிருந்தால் விண்டோஸ் டெப்பின் பெயரைக் காட்டினாலும் உள்ளே ஒன்றும் இராது. பிறகு திரையை மேலிருந்து கீழே இழுத்தால் யூ.எஸ்.பி. மூலம் சார்ஜ் ஆகிறது என்று ஒரு வரி கிடக்கும். அதைத் தட்டி ‘பைல் ட்ரான்ஸ்பர்’ என்று மாற்றுங்கள். அண்ட்ராய்ட் 6 வந்ததிலிருந்து வயரைச் சொருகும்போது சார்ஜ் மட்டும் என்றுதான் தொடங்கும். அது பழுது இல்லை, பாதுகாப்புக்காகச் செய்தது.

அந்த வரியே வராவிட்டால் சந்தேகம் வயரில். சாதாரண யூ.எஸ்.பி. 2 வயருக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. பவர் பேங்க், சின்ன லைட் போன்றவற்றோடு வரும் குட்டை வயர்கள் பலவற்றில் தரவுக் கம்பி இரண்டும் இருப்பதில்லை. வெளியே பார்த்து அதைக் கண்டுபிடிக்க ஏலாது. போன் பெட்டியோடு வந்த வயர் ஒன்றை வாங்கிப் போட்டுப் பாருங்கள். சொருகுவதும் கொம்பியூட்டர்ப் பெட்டியின் பின்பக்கத் துளையில் இருக்கட்டும். முன்பக்கத் துளை உள்ளே இன்னொரு வயரால் மதர்போர்டுக்கு (கொம்பியூட்டரின் பிரதான பலகைக்கு) போகிறது, அது தளர்ந்திருந்தால் இணைப்பு விட்டு விட்டு வரும்.

இன்னும் ஒன்று. வயரின் முனை முழுதாக இறங்காமல் ஒரு மில்லிமீற்றர் வெளியே நின்றால் டெப்பின் துளைக்குள் பஞ்சு இறுகியிருக்கும். டெப்பை நிறுத்திவிட்டு மரப் பல்குச்சியால் மெல்லக் கிளறி எடுங்கள். ஊசி வேண்டாம்.

கேள்வி (கல்முனை): இணைஞ்சிட்டு. உள்ளுக்க எக்கச்சக்கமான போல்டர். எதத் திறக்கிற? வட்ஸ்அப் படம் எங்க?

பதில்: கெமராவில் எடுத்தவை ‘இன்டர்னல் ஸ்டோரேஜ்’ உள்ளே ‘டி.சி.ஐ.எம்.’, அதற்குள் ‘கெமரா’. ஸ்கிரீன்ஷொட் அதே இடத்தில் அல்லது ‘பிக்சர்ஸ்’ போல்டரில். வட்ஸ்அப் படங்கள் அண்ட்ராய்ட் 11 தொடக்கம் ஆழத்துக்குப் போய்விட்டன: ‘அண்ட்ராய்ட்’, ‘மீடியா’, ‘கொம்.வட்ஸ்அப்’, ‘வட்ஸ்அப்’, ‘மீடியா’, ‘வட்ஸ்அப் இமேஜஸ்’. நீங்கள் அனுப்பியவை அதற்குள் ‘சென்ட்’ என்று தனியே இருக்கும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விண்டோஸின் ‘இம்போர்ட்’ வழியை மட்டும் நம்பியிருந்தாலும் வட்ஸ்அப் படங்கள் விடுபடலாம். போல்டரைத் திறந்து கையால் கொப்பி செய்வதே நல்லது.

கேள்வி (ஏறாவூர்): ஆறாயிரம் படத்தையும் ஒரேயடியா கட் பண்ணிப் பேஸ்ட் பண்ணினன். பாதியில நிண்டுட்டு. இப்ப அங்க கொஞ்சம், இங்க கொஞ்சம்.

பதில்: இப்போதைக்கு இரண்டு பக்கத்திலும் எதையும் அழிக்க வேண்டாம். மீதியைக் கொம்பியூட்டரில் *புதிய* போல்டர் ஒன்றுக்குக் கொப்பி செய்யுங்கள். பழைய போல்டருக்குள் போட்டால் நல்ல படத்தின் மேல் அரைகுறைப் படம் ஏறிவிடக்கூடும்.

நின்றதற்குக் காரணம் இது. பென்ட்ரைவ் என்பது நாமே உள்ளே போய்ச் சாமான் எடுக்கும் கடை. டெப் அப்படியல்ல, முதலாளி மேசைக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் கடை. எம்.டி.பி. என்ற அந்த முறையில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும். கொப்பி ஓடும்போது இன்னொரு போல்டரைத் திறந்தாலோ, டெப்பில் கேலரியைத் தட்டினாலோ முதலாளி குழம்பி நின்றுவிடுவார்.

ஆகவே ஒரு தடவைக்கு 300 முதல் 500 படம். ஸ்கிரீன் டைம்அவுட்டை அதிகபட்சத்துக்கு வையுங்கள். கட் ஒருபோதும் வேண்டாம், கொப்பி மட்டும். கரண்ட் போனால் டெப் பற்றரியில் உயிரோடு இருக்கும், டெஸ்க்டொப் போய்விடும். அந்த நேரத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த படம் கெட்டுப்போகும், கொப்பி என்றால் மூலம் டெப்பில் அப்படியே இருக்கும். ஒரு படம் 3 முதல் 4 எம்பி என்றால் ஆறாயிரத்துக்கும் ஏறக்குறைய 20 ஜிபி. அரை மணி, முக்கால் மணி எடுத்தால் அது வழமைதான்.

முடிந்ததும் இரு பக்கமும் எல்லாவற்றையும் தெரிவு செய்து எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். எண்ணிக்கை சரி என்றாலும் ஒவ்வொரு தொகுதியிலும் கடைசிப் பத்துப் படத்தைத் திறந்து பாருங்கள். அரைகுறையாக வந்த படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறத்தில் கிடக்கும்.

கேள்வி (காத்தான்குடி): உம்மாட ஐபேட்ல இருந்து எடுக்கக்குள்ள ‘டிவைஸ் இஸ் நொட் பங்ஷனிங்’ எண்டு வருது. வந்த சில படமும் திறக்குதில்ல.

பதில்: இரண்டும் ஒரே வேரில் வந்தவை. 2017இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 தொடக்கம் ஐபேட்கள் பலவும் படங்களை எச்.ஈ.ஐ.சி. என்ற வடிவில் சேமிக்கின்றன, பல கொம்பியூட்டர்களில் அது நேரடியாகத் திறக்காது. வயரில் அனுப்பும்போது ஐபேட் அதை வழமையான ஜேபெக் வடிவுக்கு மாற்றி மாற்றித் தரப் பார்க்கிறது, அதில் திணறும்போதுதான் அந்தப் பிழை. செட்டிங்ஸில் ‘போட்டோஸ்’ பகுதிக்குப் போங்கள் (ஐபேட்ஓஎஸ் 18 தொடக்கம் ‘அப்ஸ்’ என்பதற்குள்). அடியில் ‘ட்ரான்ஸ்பர் டு மெக் ஓர் பீசி’ என்று இருக்கும், அதை ‘கீப் ஒரிஜினல்ஸ்’ ஆக்குங்கள். ‘ட்ரஸ்ட்’ என்று கேட்டால் சம்மதம் கொடுங்கள்.

திறக்காத படங்களுக்கு மைக்ரோசொப்ட் ஸ்டோரில் ‘ஹீப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ இலவசமாகக் கிடைக்கும், அதோடு ‘எச்.ஈ.வி.சி. வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ்’ உம் வேண்டியிருக்கலாம். ஸ்டூடியோவில் பிரிண்ட் போடுவதென்றால் ஜேபெக் ஆகச் சேமித்துக் கொடுங்கள். ஐகிளவுட்டில் (அப்பிளின் இணையச் சேமிப்பில்) ‘ஒப்டிமைஸ் ஸ்டோரேஜ்’ போட்டிருந்தால் முழு அளவுப் படங்கள் பல ஐபேட்டிலேயே இல்லாதிருக்கலாம். அவற்றை ஐகிளவுட் இணையத்தளத்திலிருந்து இறக்கலாம்.

கேள்வி (அக்கரைப்பற்று): வயர் இல்லாம, டேட்டாவும் போகாம வைபையால அனுப்பலாமா?

பதில்: அண்ட்ராய்ட் என்றால் கூகுளின் ‘குயிக் ஷெயார்’ இருக்கிறது, 64 பிட் விண்டோஸ் 10 அல்லது 11இல் நிறுவலாம். படம் வீட்டுக்குள்ளேயே டெப்பிலிருந்து கொம்பியூட்டருக்குப் போகும், டேட்டா வெட்டாது. ஆனால் டெஸ்க்டொப்பில் புளூடூத்தும் வைபையும் வேண்டும், பல டெஸ்க்டொப்களில் இரண்டுமே இல்லை. ஐம்பது படத்துக்கு நல்ல வழி, ஐயாயிரத்துக்கு வயர்தான்.

கேள்வி (திருக்கோவில்): வட்ஸ்அப்ல எனக்கே அனுப்பி, வெப்ல இறக்கினாச் சரிதானே?

பதில்: சரியில்லை. படம் சுருங்கிவிடும், பெரிதாகப் பிரிண்ட் போட்டால் தெரியும். அவசரம் என்றால் ‘டொக்கியுமன்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள், அப்படியே போகும்.

கேள்வி (வாழைச்சேனை): எல்லாம் கூகுள் போட்டோஸ்ல ஏறிட்டு. டெப்ல அழிச்சிரலாம்தானே?

பதில்: பொறுங்கள். கூகுள் போட்டோஸ் அப்பில் குப்பைத்தொட்டியைத் தட்டினால் டெப்பிலும் போகும், கூகுளிலும் போகும். டெப்பில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதே அப்பில் ‘ப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைப் பாவியுங்கள். தவறுதலாக அழித்திருந்தால், கூகுளில் ஏறியிருந்த படம் 60 நாள் ‘ட்ராஷ்’ இல் இருக்கும். 2021 ஜூன் 1 தொடக்கம் ஏற்றுபவை ஜிமெயிலோடு சேர்த்து 15 ஜிபிக்குள் எண்ணப்படுகின்றன. அது நிரம்பினால் புதிய படங்கள் ஏறாமல் நின்றுவிடும். அழிக்க முன் ‘பேக்அப் கம்ப்ளீட்’ என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி (சம்மாந்துறை): மாத்தின படமெல்லாம் இண்டைய திகதி காட்டுது.

பதில்: அது கொப்பி செய்த திகதி. போல்டரில் ‘டேட் டேக்கன்’ (படம் எடுத்த திகதி) என்ற நெடுவரிசையைச் சேர்த்து அதன்படி அடுக்குங்கள். வட்ஸ்அப் படங்களில் அந்த விவரம் இராது, பெயரைப் பாருங்கள்: 20240114 என்று வந்தால் 2024 ஜனவரி 14இல் வந்த படம்.

கேள்வி (ஆரையம்பதி): டெஸ்க்டொப்ல போட்டாச்சு. அது போதுமா?

பதில்: டெப்பில் அழித்த பிறகு டெஸ்க்டொப்பில் இருப்பது ஒரே ஒரு பிரதி. ஹார்ட் டிஸ்க் முன்னறிவிப்பு இல்லாமலும் போகும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்து அதை அதே வீட்டில் வைக்காதீர்கள். 2004 டிசம்பர் சுனாமியில் கல்யாண அல்பமும் நெகடிவும் ஒரே அலுமாரியில் போனது கடலோரமான எழுவான்கரையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே கொடுத்து வையுங்கள். மாரி வெள்ளம் அங்கேயும் வரும், பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.