வாசகர் கேள்வி – பதில்: வரி எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: எங்கள் கூட்டு நிறுவனத்துக்குக் காட்பாடியிலும் சித்தூரிலும் கிடங்கு உண்டு, ஜிஎஸ்டி எண் தனித்தனி. ராணிப்பேட்டை வியாபாரி காட்பாடியில் இறக்கிய சரக்குக்கு சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) சரியாகப் போட்டுவிட்டு, பில்லில் சித்தூர் எண்ணை எழுதிவிட்டார். காட்பாடிக் கணக்கில் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வரவு) காணோம். இணையதளம் ஏன் தடுக்கவில்லை?
– வாசகர், காட்பாடி

பதில்: அது தவறான எண் அல்ல, உங்களுடைய இன்னொரு எண். அதனால்தான் தடுக்கவில்லை.

ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, ஆந்திரா 37. அடுத்த பத்தும் நிறுவனத்தின் பான். 13ஆவது, அதே பானில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. 14ஆவது வழக்கமாக இசட். கடைசியில் சரிபார்ப்புக் குறி.

முதல் 14 குறிகளுக்கும் மதிப்பு உண்டு: இலக்கத்துக்கு அதே மதிப்பு, ஏ 10, இசட் 35. இடமிருந்து 1, 2, 1, 2 என மாறி மாறிப் பெருக்கி, ஒவ்வொரு விடையையும் 36ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்ட வேண்டும். மொத்தத்தை 36ஆல் வகுத்த மீதியை 36இலிருந்து கழித்தால் கடைசிக் குறி கிடைக்கும்; மீதி இல்லாவிட்டால் அது 0. ஓர் எழுத்தை மாற்றித் தட்டினால் கணக்கு உதைக்கும்.

இரு மாநிலத்திலும் உங்களுக்கு ஒரே ஒரு பதிவு என்றால் 13ஆம் இடமும் ஒன்றே. 33, 37 ஆகும்போது கூட்டல் 8 ஏறும், கடைசிக் குறி 8 இடம் பின்வாங்கும்: இங்கே எம் என்றால் அங்கே இ. இரண்டுமே கணக்கில் தேறும். பில் வந்ததும் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். எல்லையோர வியாபாரத்தில் இப்படிப் பார்க்காமல் விடவே கூடாது.

வியாபாரி தன் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1இல் (விற்பனை விவரப் படிவம்), பழைய பில்லைத் திருத்தும் 9ஏ அட்டவணையில் எண்ணைத் திருத்தட்டும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 அல்லது அவர் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் நாள், எது முந்தியதோ அதுவே கெடு. திருத்தியபின், உங்களுக்குரிய வரவைக் காட்டும் 2பி அறிக்கையில் அது தெரியும்.

கேள்வி: என் பெயர் எம்-இல் தொடங்குகிறது, பான் அட்டையில் ஐந்தாவது எழுத்து கே. பிழையா?
– வாசகி, ஆற்காடு

பதில்: பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு. நான்காவது எழுத்து தனிநபருக்கு பி, கூட்டு நிறுவனத்துக்கு எஃப். ஐந்தாவது, விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்று எழுதியதன் முதலெழுத்து. நம் ஊரில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதுவது வழக்கம். அவர் பெயர் கே-யில் தொடங்கினால் கே விழும். பிறகு பெயரை மாற்றினாலும் எண் மாறாது.