வெட்டுப்படாமல் எழுத ஓர் இடம்

கேள்வி: குடிநீர்த் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீர், குழாய், கழிவுநீர் பற்றிப் பத்திரிகைகளில் தப்பும் தவறுமாகச் செய்தி வரும்போதெல்லாம் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவேன். பாதிக் கடிதம் வராது. வந்தாலும் முக்கியமான வரியை வெட்டியிருப்பார்கள். “சொந்தமா ஒரு வலைப்பூ ஆரம்பிங்கப்பா” என்கிறாள் மகள். “இப்ப யாரு மாமா வலைப்பூ படிக்கிறா, வீடியோ போடுங்க” என்கிறார் மருமகன். தனி ஆள் எழுதுவதைச் செய்தி என்று யாராவது மதிப்பார்களா? பேப்பரையே நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. எழுதுவதானால் புனைபெயரில் எழுதலாமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: மருமகன் சொல்வதில் பாதி நிஜம், ஐயா. வலைப்பூவின் பொற்காலம் போய்விட்டது. 1999-ல் வலைப்பூ எழுத உதவும் பிளாகர் தளம் வந்தது, 2003-ல் அதைக் கூகுள் வாங்கியது, அதே ஆண்டு வேர்ட்பிரஸும் வந்தது. அச்சகம் இல்லாமல், ஆசிரியர் தயவு இல்லாமல், கணினி மொழி தெரியாமல் யார் வேண்டுமானாலும் எழுதி வெளியிடலாம் என்றானது அப்போதுதான். அப்புறம் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போயின. பிடித்த பதிவர்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். வலைப்பூவின் கதை முடிந்தது என்று அப்போதே பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் 2017-ல் மின்னஞ்சல் மடல் அனுப்ப உதவும் சப்ஸ்டாக் தளம் வந்தபோது பாருங்கள், அதே தனி ஆள் எழுத்துதான் மின்னஞ்சல் வழியாக வந்து சேர்ந்தது. அதைக் காசு கொடுத்துப் படிக்கவும் ஆள் இருந்தது.

வீடியோவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு குழாய் வரைபடத்தையும் இரண்டு ஆய்வறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்க எழுத்துதான் தோது. ஒரு வருடம் கழித்துத் தேடுபவருக்கும் அதுதான் சட்டென்று அகப்படும்.

மதிப்பார்களா என்று கேட்டீர்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்காரர் எலியட் ஹிக்கின்ஸ் 2012 மார்ச்சில் ‘பிரவுன் மோசஸ்’ என்ற பெயரில் ஒரு வலைப்பூ தொடங்கினார். பத்திரிகை அனுபவம் கிடையாது, ராணுவ அனுபவம் கிடையாது, அரபு மொழியும் தெரியாது. சிரியா போர்க்களத்திலிருந்து யூடியூபில் ஏறும் வீடியோக்களை வீட்டில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். யார் கையில் என்ன ஆயுதம், எந்த நாட்டுத் தயாரிப்பு என்று குறித்துக்கொண்டே வருவார். கேட்டால் சலிப்பூட்டும் வேலைதான். 2013 தொடக்கத்தில், அந்தப் போரில் அதுவரை தென்படாத, பழைய யுகோஸ்லாவியத் தயாரிப்பு ஆயுதங்கள் கிளர்ச்சியாளர்கள் கையில் இருப்பது அவர் கண்ணில் பட்டது. விஷயம் நியூயார்க் டைம்ஸுக்குப் போனது. அவர்கள் அதிகாரிகளிடம் விசாரித்து, சவூதி அரேபியா பணம் கொடுத்துக் குரோஷியாவிலிருந்து வாங்கி அனுப்பிய ஆயுதங்கள் அவை என்று செய்தி வெளியிட்டார்கள்.

பேப்பரை நிறுத்தலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஆயுதத்தைக் கண்டுபிடித்தது தனி ஆள். பணம் எங்கிருந்து வந்தது என்று வாய் திறக்க வைத்தது, ஆள் பலமும் தொடர்புகளும் உள்ள ஒரு பத்திரிகை. நிறுத்தாதீர்கள். போதாததற்கு, அதில் தப்பாக வரும் செய்திதானே உங்களை எழுதவே வைக்கிறது?

உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. 2012 ஜூன் 28 அன்று, ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்லோரும் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற விதியை, வணிகத்தை முறைப்படுத்த நாடாளுமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தின் கீழ் ஏற்க முடியாது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் முதலில் எழுதியிருந்தார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனால், வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் அதே விதி செல்லும் என்று இருந்தது. சிஎன்என், ஃபாக்ஸ் தொலைக்காட்சிகள் இரண்டும் முதல் பகுதியைப் பார்த்த வேகத்தில் விதி ரத்து என்று அறிவித்துவிட்டன. 2002-ல் ஒரு வக்கீல் தம்பதி தொடங்கிய ‘ஸ்காட்டஸ்பிளாக்’ என்ற வலைப்பூ அந்தத் தப்பைச் செய்யவில்லை. விதி செல்லும் என்று சரியாகச் சொன்னது. அந்த நீதிமன்றமே கதி என்று வருடக்கணக்காகக் கிடந்தவர்கள் அவர்கள். ராபர்ட்ஸ் தீர்ப்பைப் பாதியில் மூடிவைக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதே 2012-ல் ஸ்காட்லாந்தில் ஒரு 9 வயதுச் சிறுமி, பள்ளியில் தனக்குப் போடும் மதியச் சாப்பாட்டைத் தினமும் படமெடுத்துப் பதிவு போட்டாள். எத்தனை கவளம் இருந்தது, உடம்புக்கு எவ்வளவு நல்லது, எத்தனை முடி கிடந்தது என்று தட்டுக்குத் தட்டு மதிப்பெண்! படம் எடுக்கக் கூடாது என்று உள்ளாட்சி மன்றம் தடை போட்டது. எழுந்த கூச்சலில் மறுநாளே பின்வாங்கியது. ஒரு பள்ளியின் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்க எந்தப் பத்திரிகையும் நிருபரைத் தினமும் அனுப்பாது.

அதனால் தயவுசெய்து அன்றாட அரசியல் பற்றிக் கருத்து எழுத உட்காராதீர்கள். அதற்கு ஆள் ஏராளம். குழாய் பழுது பார்த்த மறுநாள் தண்ணீர் ஏன் கலங்கி வருகிறது, விநியோகத்தை நிறுத்தி அழுத்தம் விழும்போது வெளியே தேங்கிய அழுக்கு நீர் கசிவுகள் வழியே எப்படி உள்ளே போகிறது, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் எந்த வரியை முதலில் பார்க்க வேண்டும்... இவற்றை உங்களைப் போன்றவர்கள்தான் எழுத முடியும். உங்கள் கடிதங்களில் வெட்டுப்பட்ட வரிகள் எல்லாம் இந்த மாதிரி வரிகளாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். கடிதப் பகுதியில் இடம் அவ்வளவுதான், ஐயா. வெட்டுபவருக்கு உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

ஆனால் வெட்டுபவர் சில நேரம் உங்களைக் காப்பாற்றியும் இருப்பார். “கமிஷன் வாங்கிக்கொண்டு மட்டமான குழாய் போட்டார்கள்” என்று ஆதாரமில்லாமல் எழுதிய வரியை ஆசிரியர் குழு எடுத்துவிடும். வலைப்பூவில் ஆசிரியர், பிழை திருத்துபவர், வக்கீல் எல்லாம் நீங்களே. அவதூறு வழக்கு வந்தால் கோர்ட்டுக்கு அலைவதும் நீங்களே. யார் மீதாவது குற்றம் சொல்வதானால் வெளியிடும் முன் அவர்களிடம் விளக்கம் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதைப் பதிவிலேயே குறிப்பிடுங்கள். பணியில் இருந்தபோது கைக்கு வந்த ரகசியக் கோப்புகள் பக்கமே போகாதீர்கள். பொதுவில் கிடைக்கும் அறிக்கைகளே போதும், அவற்றுக்கு இணைப்பு கொடுங்கள். தப்பு நேர்ந்தால் பதிவைச் சத்தமில்லாமல் மாற்றாமல், தேதி போட்டுத் திருத்தம் எழுதுங்கள். சூடாக எழுதியதை ஒரு ராத்திரி ஆறப்போட்டு, மருமகனைப் படிக்கச் சொல்லுங்கள். குறை கண்டுபிடிக்கும் ஆள்தான் உங்களுக்கு வேண்டும்.

மகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இலவசத் தளத்தில் தொடங்கினாலும் முகவரி உங்கள் சொந்த டொமைனாக, அதாவது உங்கள் பெயரில் பதிவு செய்த இணைய முகவரியாக இருக்கட்டும், எழுதியதற்கெல்லாம் ஒரு பிரதி வீட்டுக் கணினியிலும் இருக்கட்டும். யாஹூ தன் ஜியோசிட்டீஸ் தளத்தை 2009-ல் மூடியபோது, அங்கே பக்கம் வைத்திருந்தவர்களில் பிரதி எடுக்காத பலருக்கு எழுத்து போனது போனதுதான்.

பின்னூட்டங்களை நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளிவரும்படி வையுங்கள். திட்டுபவர்களுக்குப் பதில் எழுதி மாளாது. விவரத்தோடு மறுப்பவரை மட்டும் விட்டுவிடாதீர்கள், அவர் உங்கள் பழைய துறையில் இப்போது வேலை பார்ப்பவராகக்கூட இருக்கலாம்.

கடைசியாகப் புனைபெயர். 2003-ல் ஈராக் போரின்போது பாக்தாத்திலிருந்து ‘சலாம் பாக்ஸ்’ என்ற பெயரில் ஒருவர் எழுதினார். சொந்தப் பெயர் வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் எழுத்தை நம்பக் காரணமே உங்கள் பணி அனுபவம்தான், புனைபெயருக்குள் அது காணாமல் போய்விடும். சொந்தப் பெயரில் எழுதுங்கள். எந்தப் பிரிவில் எத்தனை வருடம் இருந்தீர்கள், இப்போது எந்த ஒப்பந்தக்காரருக்காவது ஆலோசனை சொல்கிறீர்களா இல்லையா என்பதையும் ‘என்னைப் பற்றி’ பக்கத்தில் போட்டுவிடுங்கள்.