பீடமா, மேசையா?

கேள்வி: கத்தோலிக்கக் கோவிலில் நடுவே பீடம் இருக்கிறது. எங்கள் சபையில் மரமேசைதான். பிரசங்க பீடமே நடுவில். ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: கத்தோலிக்கருக்குத் திருப்பலி உண்மையாகவே பலி. இயேசு சிலுவையில் மரித்த கல்வாரியில் ஒரே முறை நிறைவேறிய அதே பலி அங்கே மறைபொருளாக நிகழ்கிறது என்பது அவர்கள் விசுவாசம். பலி என்றால் பீடம் வேண்டும். அது கிறிஸ்துவையே குறிப்பதால்தான் குரு அதை முத்தமிடுகிறார். சீர்திருத்தச் சபைகளோ, பலி அன்றே முடிந்தது, இப்போது நடப்பது ஆண்டவரின் விருந்து என்றன. விருந்துக்கு மேசை போதும். 1525 பெரிய வியாழனன்று சூரிச்சில் சீர்திருத்தவாதி ஸ்விங்லி சாதாரண மேசையில், மரத்தட்டும் மரக்கிண்ணமும் வைத்துத் திருவிருந்து நடத்தினார். வசனமே ஆராதனையின் உயிர் என்பதால் பல சபைகளில் பிரசங்க பீடம் நடுவுக்கு வந்தது. லூத்தரன் சபைகளை இதில் சேர்க்காதீர்கள். பீடத்தையும் பாடுபட்ட சுரூபத்தையும் அவர்கள் விடவில்லை.

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் கத்தோலிக்கப் பீடமும் சுவரை விட்டு முன்னே வந்ததால், தூரத்திலிருந்து பார்த்தால் மேசை போலவே தெரியும். கிட்டப் போய், அப்பத்துக்கு அடியில் விரிக்கும் திருமேனித்துகிலைக் கவனியுங்கள், வித்தியாசம் புரியும். மூன்றுக்கு மூன்றாக, ஒன்பது கட்டமாக உள்நோக்கி மடிக்கும் வெள்ளைத்துணி அது. அப்பத்துகள் விழுந்தாலும் மடிப்புக்குள்ளேயே நிற்கும். உதறி விரித்தால் அத்தனையும் தரைக்குப் போய்விடும். பீடத்தில் வைத்து மடிப்பு மடிப்பாகத்தான் பிரிக்க வேண்டும்.

கேள்வி: நற்கருணை அப்பத்தை வைத்திருக்கும் பேழையின் விளக்குக்கு மின்பல்பு போடலாமா?

பதில்: எண்ணெய் அல்லது மெழுகு என்றே திருப்பலி விதிகளைத் தரும் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை சொல்கிறது. பல்பு வசதிதான், ஆனால் கவனித்து எரிய வைப்பதில் உள்ள மரியாதை அதில் இல்லை. அடிக்கடி அணைந்தால் திரியைப் பாருங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் புகைந்து கண்ணாடியில் கரி படியும். மிகக் குட்டையானால் உருகிய மெழுகில் மூழ்கிவிடும். பழையது தீரும் முன்பே அதன் சுடரிலிருந்து புதியதை ஏற்றுங்கள். சிவப்புக் கண்ணாடி வழக்கமே தவிர விதி அல்ல. பெரிய வெள்ளியன்று பேழை காலியாக இருக்கும். அன்று விளக்கு எரியக்கூடாது.

கேள்வி: திருமண ஓலையை (நடக்கவிருக்கும் திருமணத்தின் அறிவிப்பை) வாசக மேடையிலிருந்து படிக்கலாமா?

பதில்: வேண்டாம். வாசகம், பதிலுரைப் பாடல், மறையுரை, மன்றாட்டு இவற்றுக்கே அந்த இடம். அறிவிப்புக்கு ஓரமாகத் தனி மைக் வையுங்கள்.